கேள்விக்குறிக்குக் கோடு உண்டா? ஆடிட்டில் "பிழை" என்று வந்த பதினொரு கோப்புகள்

#1 கோப்புப்புழு

ஒன்பது வருடமாக மருத்துவப் பதிவேட்டுத் துறையில் கோடராக இருக்கிறேன். டிஸ்சார்ஜ் ஆன நோயாளியின் கோப்பை முழுக்கப் படித்து, அதிலுள்ள நோய்களுக்கு ஐ.சி.டி-10 (உலகம் முழுக்கப் புழங்கும் நோய்ப் பட்டியல்) எண் போடுவதுதான் வேலை. போன மாதம் வெளியிலிருந்து ஓர் ஆடிட்டர் வந்தார். என் கோப்புகளில் நாற்பதை எடுத்து, நான் போட்ட எண்களைப் பார்க்காமல் தானே புதிதாகக் கோடு போட்டார். பதினொன்றில் முதன்மை நோயே ஒத்துப்போகவில்லை. அறிக்கையில் ஒரே வரி: "கோடிங் பிழை: 11."

கோபத்தில் அந்தப் பதினொன்றையும் மறுபடி படித்தேன். மூன்று என் தப்புதான், மறுக்க மாட்டேன். ஒன்றில் கடைசிப் பக்கத்தைத் திருப்பாமலே விட்டிருக்கிறேன். மீதி எட்டிலும் கோப்பே இரண்டு மனசாக இருக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன். (எண்களின் முதல் எழுத்தைத் தமிழிலேயே தட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஒருவர் குடலிறக்க அறுவைக்கு வந்தவர். டிஸ்சார்ஜ் சம்மரியில் "எம்.ஐ., நீரிழிவு, குடலிறக்கம்" என்று வரிசை. எம்.ஐ., அதாவது மாரடைப்பு, எப்போது வந்தது என்று அதில் இல்லை. நர்ஸ் எழுதிய சேர்க்கைக் குறிப்பில் "மூன்று வருடம் முன்பு" என்று இருக்கிறது. மாரடைப்பு வந்து நான்கு வாரத்துக்குள் என்றால் ஐ21, பழையது என்றால் ஐ25.2. நான் குடலிறக்கத்தை முதன்மையாகவும் ஐ25.2-ஐ உடன்நோயாகவும் போட்டேன். ஆடிட்டர் சொல்கிறார்: நர்ஸ் குறிப்பை வைத்துக் கோடு போடக் கூடாது, மருத்துவர் முதலில் எழுதியிருப்பது எம்.ஐ., ஆகவே ஐ21. அதாவது புது மாரடைப்போடு படுத்திருந்தவருக்குக் குடலிறக்க அறுவை செய்திருக்கிறார்கள்!

இரண்டாவது, நிமோனியா. சம்மரியில் அந்த ஒரு சொல்தான், நான் ஜே18.9, காரணக் கிருமி குறிப்பிடாத நிமோனியா, போட்டேன். கோப்புக்குள் சளிப் பரிசோதனையில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்ததாக ஆய்வக அறிக்கை இருக்கிறது. ஆடிட்டர் ஜே15.0, கிளெப்சியெல்லா நிமோனியா, போட்டிருக்கிறார். ஆய்வக முடிவைப் பார்த்து நோயைத் தீர்மானிக்கக் கோடருக்கு உரிமை இல்லை என்றுதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? முதல் கோப்பில் மருத்துவர் வார்த்தைக்கு மேல் போகாதே என்றவர் இரண்டாவதில் அவரே போயிருக்கிறார்.

மூன்றாவது, "நெஞ்சு வலி, ? ஏ.சி.எஸ்." ஏ.சி.எஸ். என்றால் இதயத்துக்குப் போகும் ரத்தம் திடீரென்று குறைவது, முன்னால் உள்ள கேள்விக்குறி என்றால் சந்தேகம். நான் ஆர்07.4, வெறும் நெஞ்சு வலி. அவர் ஐ24.9, இதயத் தசைக்கு ரத்தக் குறைவு. எங்களில் ஒருவர் அந்தக் கேள்விக்குறியைப் பார்த்தார், ஒருவர் பார்க்கவில்லை.

இதெல்லாம் என் பிழைதானா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

#2 இரவுப்பணி

அந்த "? ஏ.சி.எஸ்." எழுதிய ஆள் நானாகவும் இருக்கலாம், அதனால் பதில் சொல்கிறேன். நான் வார்டு மருத்துவர்.

காலை எட்டு மணிக்குள் ஏழு பேருக்குச் சம்மரி முடிக்க வேண்டும். அதை எழுதுவது வார்டில் இருப்பவர்களிலேயே இளையவர். நோயாளியைச் சேர்த்தவர் ஒருவர், சிகிச்சையை முடிவு செய்தவர் இன்னொருவர், எழுதுபவர் மூன்றாமவர். கேஸ் ஷீட்டைப் புரட்டி, யார் யாரோ எழுதியதிலிருந்து ஒரு கதையைக் கோர்க்கிறோம். படித்த அத்தனை வருடத்தில் ஐ.சி.டி. பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் எழுதுவது அடுத்து அந்த நோயாளியைப் பார்க்கப்போகும் மருத்துவருக்காக. அவருக்கு "? ஏ.சி.எஸ்." என்றால் போதும். சந்தேகப்பட்டோம், இ.சி.ஜி.யிலும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் முழுக்கக் கைவிடவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். ஒரு குறியில் இவ்வளவு சேதி இருக்கிறது. உங்கள் எண்ணில் அதற்கு இடமில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?

#3 கோப்புப்புழு

டாக்டர், உங்களைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குறிக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் தூக்கம் போய்விடும்.

அமெரிக்க விதிப்படி, உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் தாளில் "இருக்கலாம்", "சந்தேகம்" என்று எழுதியிருந்தால் அந்த நோய் இருப்பதாகவே கோடு போட வேண்டும். அதே சொல் வெளிநோயாளி சீட்டில் இருந்தால் போடக் கூடாது, அறிகுறியை மட்டும் போட வேண்டும். இங்கிலாந்தில் உள்நோயாளிக்கும் கேள்விக்குறி போட்ட நோயைக் கோடு செய்வதில்லை. ஆக, உங்கள் ஒரே வரி கடலின் ஒரு கரையில் இதய நோய், மறு கரையில் நெஞ்சு வலி.

அமெரிக்க விதிக்கும் ஒரு நியாயம் உண்டு. சந்தேகம் என்றாலும் உறுதி என்றாலும் செய்கிற பரிசோதனையும் ஆரம்ப சிகிச்சையும் ஏறக்குறைய ஒன்றுதான். பில் போடுவதற்கு அது சரி. ஆனால் அதே எண்ணை எடுத்துக்கொண்டு "இத்தனை பேருக்கு இதய நோய்" என்று யாராவது எண்ண ஆரம்பித்தால்?

#4 அட்டவணை

எண்ண ஆரம்பிக்கிற ஆள் நான்தான். மருத்துவமனைத் தரவுகளை வைத்து ஆய்வு செய்பவன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

உங்கள் ஆடிட்டர் சோதித்தது, இரண்டு பேர் ஒரே கோப்பைப் படித்து ஒரே எண்ணுக்கு வருகிறார்களா என்பதை. நோயாளிக்கு அந்த நோய் உண்மையில் இருந்ததா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டையும் "துல்லியம்" என்ற ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள். கோப்பே தப்பாக இருந்தால் நீங்களும் ஆடிட்டரும் அழகாக ஒத்துப்போய்த் தப்பு செய்வீர்கள், மதிப்பெண் நூற்றுக்கு நூறு வரும்.

இரண்டாவது கேள்வியையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். எண் விழுந்தவர்களில் எத்தனை பேருக்கு நோய் நிஜம்? நோய் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு எண் விழுந்தது? தொடை எலும்பின் கழுத்து முறிந்தால், எஸ்72.0, இரண்டுமே நன்றாக வரும். எக்ஸ்ரே இருக்கிறது, அறுவை இருக்கிறது, யாருக்கும் சந்தேகம் இல்லை. ரத்த அழுத்தம், உடல் பருமன், மனச்சோர்வு இவையெல்லாம் வேறு ஜாதி. எண் இருந்தால் பெரும்பாலும் நிஜம். எண் இல்லை என்றால் நோய் இல்லை என்று சொல்லவே முடியாது, யாரும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம்.

இந்த "எழுதவில்லை" செய்த வேடிக்கையைக் கேளுங்கள். 1992-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. டிஸ்சார்ஜ் எண்களை வைத்து யார் மருத்துவமனையில் இறக்கிறார்கள் என்று பார்த்தபோது, நீரிழிவு போன்ற நாள்பட்ட நோய் எண் உள்ளவர்களுக்கு மரண அபாயம் குறைவு என்று வந்தது. நீரிழிவு காப்பாற்றுகிறதா என்ன? ஆபத்தான நிலையில் வந்தவருக்கு மூச்சு நின்றது, சிறுநீரகம் பழுதானது, ரத்தத்தில் தொற்று என்று பட்டியல் நிறைந்துவிடும். பழைய நீரிழிவை எழுத இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. லேசான நோயோடு வந்தவருக்குத்தான் சாவகாசமாக "நீரிழிவு, ரத்த அழுத்தம்" என்று எழுதுவார்கள். எண் சொன்னது நோயாளியைப் பற்றி இல்லை, எழுதியவரின் நேரத்தைப் பற்றி.

1987-ல் மேரி சார்ல்சன் குழு உடன்நோய்களுக்கு மதிப்பெண் கொடுக்கும் ஒரு குறியீட்டை வெளியிட்டது. உலகம் முழுக்க மருத்துவமனைகளை ஒப்பிட அதை இந்த எண்களிலிருந்துதான் கணக்கிடுகிறோம். உடன்நோயை ஒழுங்காக எழுதுகிற மருத்துவமனையின் நோயாளிகள் "அதிக நோயுள்ளவர்கள்" ஆகிவிடுவார்கள், எனவே அதன் இறப்பு விகிதம் நல்லதாகத் தெரியும். எழுதாத மருத்துவமனை மோசமாகத் தெரியும். சிகிச்சை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

#5 தட்டச்சன்

இவ்வளவு சீரியஸாகப் பேசுகிறீர்கள், அமெரிக்கப் பட்டியலில் "வாத்து தாக்கியது" என்று ஓர் எண் இருப்பது யாருக்காவது தெரியுமா? டபிள்யூ61.62. ஜெட் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டதற்கும் ஒன்று உண்டு, அதிலும் "மறுமுறை" என்று. ஒருவர் இரண்டாவது தடவை எஞ்சினுக்குள் போகிறாராம்!

#6 பழையரெக்கார்டு

அந்த ஜோக் 2015 அக்டோபரில் அமெரிக்கா ஐ.சி.டி-10-க்கு மாறுவதற்கு முன்பிருந்தே சுற்றுகிறது. அந்த "மறுமுறை" இரண்டாவது விபத்து இல்லை ஐயா. ஏழாவது எழுத்து, காயத்துக்கு இப்போது நடப்பது முதல் சிகிச்சையா, ஆறிவரும்போது தொடர் கவனிப்பா, பின்விளைவா என்று சொல்கிறது. அதைத் தப்பாகப் படித்துத் தையல் பிரிக்க வந்தவரை எல்லாம் புதுக் காயமாக எண்ணிய அறிக்கையை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

#7 பில்லிங்மேசை

யாரும் பணத்தைப் பற்றிப் பேசாததால் நான் பேசுகிறேன்.

யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டரும் ஜான் தாம்சனும் உருவாக்கிய டி.ஆர்.ஜி. முறையை 1983-ல் அமெரிக்காவின் மெடிகேர், முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு, எடுத்துக்கொண்டது. நோயாளிக்கு எவ்வளவு செலவானது என்பதற்குப் பதில், அவர் எந்த நோய்க்குழுவில் விழுகிறார் என்பதை வைத்து ஒரே தொகை. குழுவைத் தீர்மானிப்பது முக்கியமாக முதன்மை நோயும் உடன்நோய்களும். அன்றிலிருந்து கோடர் மேசை மருத்துவமனையின் கல்லாப்பெட்டி ஆகிவிட்டது. அது வருவதற்கு இரண்டு வருடம் முன்பே, 1981-ல், டொனால்ட் சிம்போர்க் என்ற மருத்துவர் இப்படித்தான் ஆகும் என்று ஒரு மருத்துவ இதழில் எழுதிவிட்டார். எண்கள் மெல்ல மெல்லக் கனமான நோய்களை நோக்கி நகரும் இந்தப் பழக்கத்துக்கு, மருத்துவமனையில் பிடிக்கும் புதிய நோய் என்று பெயர் வைத்தார்.

பொய் எழுதுவது குறைவு. சாய்த்து எழுதுவதுதான் அதிகம். நிமோனியாவோடு காய்ச்சலும் வேகமான நாடித்துடிப்பும் இருந்தால் பழைய வரையறைப்படி செப்சிஸ் (தொற்றுக்கு உடல் முழுக்கக் காட்டும் கடுமையான எதிர்வினை) என்று சொல்ல இடம் உண்டு. 2016-ல் வரையறையை மாற்றினார்கள், உறுப்பு செயலிழப்பும் இருந்தால்தான் செப்சிஸ். ஆனால் எந்த வரையறையை வைத்து எழுதினார் என்று சம்மரியில் யாரும் குறிப்பிடுவதில்லை. ஏ41.9 என்ற எண்ணுக்குள் இரண்டும் கலந்து கிடக்கிறது.

இன்னொன்று, கோடர் மருத்துவரிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது. "இதைச் செப்சிஸ் என்று எழுதித் தர முடியுமா?" தப்பு. "காய்ச்சல், இந்த ரத்த முடிவுகள், இந்த மருந்து. இவை எந்த நிலையைக் குறிக்கின்றன?" சரி. பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது.

#8 இரவுப்பணி

> பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாது

எனக்கு வருகிற கேள்வித்தாள் எல்லாம் முதல் வகைதான். அதுவும் டிஸ்சார்ஜ் ஆகி ஆறு வாரம் கழித்து வரும். எனக்கு அந்த முகமே நினைவில் இருக்காது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

#9 பில்லிங்மேசை

வெட்கப்பட வேண்டியது அதை அனுப்பியவர்களும்தான். நானும் அனுப்பியிருக்கிறேன்.

#10 படுக்கை17

நான் மருத்துவத் துறை ஆள் இல்லை. என் கோப்பைப் புரிந்துகொள்ளத் தேடியபோது இந்த இழை கிடைத்தது.

இருபத்திரண்டு வயதில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். விழுந்ததும் கை கால் ஓரிரு தடவை உதறியதாம். அவசரப் பிரிவில் "மயக்கம், ? வலிப்பு" என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த வருடம் கால் எலும்பு முறிந்து அதே மருத்துவமனையில் சேர்ந்தேன். அப்போதைய சேர்க்கைக் குறிப்பில் "முன்பு வலிப்பு வந்துள்ளது" என்று இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "வலிப்பு நோயாளி". அதற்குக் கீழே ஜி40 என்று எண்.

மூன்று தாளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதலில் மயக்கமும் கேள்விக்குறியும் சேர்ந்து போயிருக்கின்றன. அப்புறம் "முன்பு" போயிருக்கிறது. கடைசியில் நான் நோயாளி ஆகிவிட்டேன். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்றுவரை வலிப்புக்கு ஒரு மாத்திரை சாப்பிட்டதில்லை. நரம்பியல் மருத்துவர் முழுக்கப் பரிசோதித்து, இது வலிப்பு நோய் இல்லை என்று எழுதித் தந்திருக்கிறார். ஆனால் வாகன உரிமமோ காப்பீடோ எது கேட்டாலும் அந்த எண் வந்து முன்னால் நிற்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறேன்.

கோப்புப்புழு, உங்களைத் திட்டவில்லை. ஆனால் எனக்கு அந்த எண்ணைப் போட்டவர் விதிப்படிதானே போட்டிருப்பார்? ஆடிட்டிலும் பாஸ் ஆகியிருக்குமே?

#11 கோப்புப்புழு

ஆமாம். பாஸ் ஆகியிருக்கும். நானாக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பேன்.

#12 இரவுப்பணி

மயக்கத்தில் மூளைக்கு ரத்தம் ஒரு கணம் குறையும்போது கை கால் உதறுவது அடிக்கடி நடப்பதுதான். அதன் எண் ஆர்55-ஆக இருந்திருக்க வேண்டும். அந்தக் கேள்விக்குறியை எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், வலிப்பா என்று யோசிப்பது அவர் கடமை. அடுத்து எழுதியவர் அவசரத்தில் படித்திருக்கிறார். நானும் அப்படிப் படித்து எழுதியிருக்கிறேன், எத்தனை தடவை என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பிரச்சினை, யாரும் திரும்பி வந்து எனக்குச் சொல்வதில்லை.

#13 தரவுக்குழாய்

மருத்துவமனை மென்பொருள் எழுதுகிறவன். காகிதத்திலாவது கேள்விக்குறி போட முடிந்தது. எங்கள் திரையில் மருத்துவர் "வலிப்" என்று தட்டியதும் ஒரு பட்டியல் விரியும், முதலில் வருவதைச் சொடுக்கிவிட்டுப் போவார். பட்டியலில் நிச்சயமான நோய்கள் மட்டும்தான். அவர் மனதில் இருந்த சந்தேகத்துக்கு அங்கே சொடுக்க ஒன்றுமில்லை.

இடமே இல்லை என்று சொல்ல முடியாது. தரவுப் பரிமாற்றத்துக்கான ஃபயர் என்ற தரநிலையில் ஒவ்வொரு நோய்ப் பதிவோடும் "உறுதியானது", "தற்காலிகம்", "நிராகரிக்கப்பட்டது", "தவறாகப் பதிந்தது" என்று நிலையைச் சொல்ல ஒரு கட்டமே உண்டு. பல திரைகளில் அதை மருத்துவர் கண்ணுக்குக் காட்டுவதில்லை, தானாகவே "உறுதியானது" என்று நிரம்பிவிடும். என் திரையும் அப்படித்தான் இருந்தது. ஒரு சொடுக்கு மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தோம், அதற்குப் பாராட்டுகூடக் கிடைத்தது.

2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி-11-ல் நோய் எண்ணோடு "தற்காலிகக் கணிப்பு" என்று ஒரு துணை எண்ணை ஒட்ட வழி செய்திருக்கிறார்கள். ஒட்டுவார்களா என்பது வேறு விஷயம்.

#14 பழையரெக்கார்டு

ஏன் இடமில்லை என்பதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. தலைப்பை விட்டு விலகுகிறேன் என்றால் தாண்டிப் போய்விடுங்கள்.

1839-ல் இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவாளர் அறிக்கையில் வில்லியம் ஃபார் புலம்பியிருக்கிறார்: ஒரே நோய்க்கு மூன்று நான்கு பெயர், ஒரே பெயர் அத்தனை நோய்க்கு. 1893-ல் ஜாக் பெர்ட்டிலான் சிகாகோவில் சமர்ப்பித்த பட்டியல்தான் இன்றைய ஐ.சி.டி.க்குப் பாட்டன். அது இறப்புக் காரணங்களின் பட்டியல். ஐந்தாவது பதிப்பு வரை அப்படித்தான். 1948-ல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று ஆறாவது பதிப்பு வந்தபோதுதான் உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் உள்ளே நுழைந்தன. இறந்தவர் கணக்கில் ஒருவருக்கு ஒரு காரணம் என்று முடித்துவிடலாம். உயிரோடு இருப்பவருக்கு நாளைக்கு வேறு முடிவு வரும்.

இறந்தவர் கணக்குகூடச் சுத்தமாக வரவில்லை என்பது வேறு கதை. சான்றிதழில் "இதயம் நின்றது" என்று எழுதுகிறார்கள். எல்லோருக்கும் இதயம் நின்றுதான் சாவு! எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. இப்படிக் காரணமே சொல்லாத எண்களை உலக நோய்ச்சுமை ஆய்வு செய்தவர்கள் குப்பை எண்கள் என்றே அழைக்கிறார்கள்.

ஒரு தடவை சந்தேகத்துக்குத் தனி எண் கிடைத்தது. 2020-ல் கோவிடுக்கு, வைரஸ் பரிசோதனையில் உறுதியானால் யு07.1, மருத்துவர் கணித்தும் பரிசோதனையில் உறுதியாகவில்லை என்றால் யு07.2. உலகமே எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டையும் கலக்கக் கூடாது என்று எல்லோருக்கும் புரிந்தது.

#15 நாளைக்குஇயந்திரம்

எதற்கு இத்தனை தலைவலி? கோப்பை அப்படியே மொழி மாதிரிக்கு (எழுத்தைப் படித்துப் பதில் தரும் ஏ.ஐ.க்கு) கொடுத்தால் நொடியில் எண் போட்டுவிடும். மனிதக் கோடர் களைப்படைவார், இயந்திரம் களைப்படையாது.

#16 தரவுக்குழாய்

களைப்படையாது, சரி. எதை வைத்துப் பயிற்சி கொடுப்பீர்கள்? பழைய கோப்புகளையும் அவற்றுக்கு மனிதர் போட்ட எண்களையும் வைத்துத்தானே? அப்படியென்றால் படுக்கை17-இன் மூன்றாவது தாளும் அதன் ஜி40-உம் அதற்குப் பாடப்புத்தகம்.

எளிய இடங்களிலேயே வழுக்கும். "நிமோனியாவுக்கான தடயம் இல்லை" என்ற வரியில் நிமோனியா என்ற சொல் இருக்கிறது. "தாய்க்கு மார்பகப் புற்றுநோய்" என்பதில் புற்றுநோய் இருக்கிறது, நோயாளிக்கு இல்லை. இந்த "இல்லை"யைக் கண்டுபிடிக்க மட்டுமே 2001-ல் நெக்எக்ஸ் என்று ஒரு வழிமுறையை வெளியிட்டார்கள். இன்றைய மாதிரிகள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எம்.எஸ். என்று மட்டும் எழுதினால் இதய வால்வு சுருக்கமா, நரம்பு மண்டல நோயா? பக்கத்தில் இருக்கும் வரிகளை வைத்து ஊகிக்கும். ஊகித்ததை உறுதியோடு சொல்லும். ஒரு நல்ல கோடர் போனை எடுத்து வார்டைக் கேட்பார்.

எங்களிடம் இயந்திரம் உபயோகமானது வேறு வேலையில்: சம்மரியில் இல்லாத இன்சுலின் மருந்துச்சீட்டில் இருந்தால் "இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது" என்று கை தூக்கும். எண் போடாது, காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும்.

#17 நாளைக்குஇயந்திரம்

போனை எடுக்கிற கோடரை நான் பார்த்ததில்லை, ஆனால் மற்றது புரிந்தது.

#18 கோப்புப்புழு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்றிருந்தேன்.

எட்டுக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்கே போனேன். (போன் எடுத்தேன் என்று சொல்லலாம், #17 கவனிக்க.) ஐந்துக்குப் பதில் கிடைத்தது. இரண்டை எழுதியவர்களுக்கு நோயாளியே நினைவில்லை. ஒன்றை எழுதியவர் வேலையை விட்டே போய்விட்டார். குடலிறக்கக் கோப்பைக் காட்டியதும் அந்த மருத்துவர் கேட்டார்: "குடலிறக்கத்துக்குத்தான் வந்தார், இதில் என்ன சந்தேகம்?" அவர் பக்கம் நியாயம்தான். வார்டில் இருந்தவர்கள் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. சந்தேகம் தாளில் மட்டும்தான் இருந்தது. கிளெப்சியெல்லா விஷயத்தில் மருத்துவர் சொன்னது எனக்குப் புதிது: சளியில் அது வளர்ந்ததாலேயே நிமோனியாவுக்கு அதுதான் காரணம் என்று ஆகாது, சும்மா தொண்டையில் குடியிருந்திருக்கலாம், அதனால்தான் எழுதவில்லை. வேண்டுமென்றே எழுதாமல் விட்டிருக்கிறார்! என் ஜே18.9 நின்றது.

மூத்த மருத்துவர் ஒருவரைப் பிடித்துச் சம்மரிப் படிவத்தில் இரண்டு வரி சேர்க்க வைத்தோம். "எல்லாப் பரிசோதனைக்கும் பிறகு, சேர்க்க வேண்டி வந்ததற்கான காரணம்." "இன்னும் உறுதியாகாதவை." முதல் வாரம் இரண்டாவது வரி பெரும்பாலும் காலி. யாரோ ஒருவர் எல்லாத் தாளிலும் "எதுவுமில்லை" என்று எழுதித் தள்ளியிருந்தார். இரண்டாவது வாரம் ஒரு தாளில் மூன்று வரி இருந்தது: காசநோயா என்று சந்தேகம், பரிசோதனை முடிவு வரவில்லை, வரும் வரை காசநோய் என்று யாரும் எழுத வேண்டாம். அதைப் படித்தபோது வந்த சந்தோஷம் கோடர்களுக்குத்தான் புரியும். அறிகுறிக்கு ஆர் எண் போட்டேன். அடுத்த ஆடிட்டில் "தெளிவற்ற எண்" என்று கழிப்பார்கள், கழிக்கட்டும்.

ஆடிட்டர் ஐந்து கோப்புகளைக் "கோடிங் பிழை"யிலிருந்து "ஆவணக் குறைபாடு" என்று மாற்றிக்கொண்டார். நிர்வாகத்துக்குப் போன தாளில் இன்னும் பதினொன்றுதான் இருக்கிறது, திருத்திய அறிக்கை தனியாக வருமாம்.

படுக்கை17, உங்கள் கோப்பு என்ன ஆயிற்று?

#19 படுக்கை17

இந்த இழையைப் படித்த தைரியத்தில் பதிவேட்டுப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். பழைய பதிவை அழிக்க முடியாது, மருத்துவக் கோப்பில் எதையும் அழிக்கக் கூடாது என்றார்கள். அது நியாயம் என்றே படுகிறது. பதிலாக ஒரு குறிப்புச் சேர்த்திருக்கிறார்கள்: "நோயாளிக்கு வலிப்பு நோய் இல்லை." நோய்ப் பட்டியலில் ஜி40 அப்படியே இருக்கிறது.

இப்போது என் கோப்பின்படி எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, இல்லை, இரண்டும்.

#20 தரவுக்குழாய்

குறிப்பைப் படிக்கப்போவது யாருமில்லை, பட்டியலைத்தான் எல்லா இயந்திரமும் எடுத்துக்கொண்டு போகும். அழிக்கச் சொல்லாதீர்கள். பட்டியலில் அந்தப் பதிவின் நிலையை "நிராகரிக்கப்பட்டது" என்று மாற்றச் சொல்லுங்கள், நரம்பியல் மருத்துவரின் கடிதத்தை அதோடு இணைக்கச் சொல்லுங்கள். பழையது கோப்பில் இருக்கும், ஆனால் உயிரோடு இருக்காது. அப்படி ஒரு கட்டம் இல்லை என்பார்கள். அநேகமாக இருக்கும், திரையில் காட்டாமல் வைத்திருப்பார்கள். மென்பொருள் பிரிவைக் கேட்கச் சொல்லுங்கள்.

#21 படுக்கை17

எழுதிக்கொண்டேன். "நிராகரிக்கப்பட்டது", இதே சொல்லைச் சொன்னால் அவர்களுக்குப் புரியுமா? திங்கட்கிழமை போகிறேன்.

#22 கோப்புப்புழு

புரியும். புரியவில்லை என்றால் அங்கிருக்கும் கோடரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முதல் தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள், அந்தக் கேள்விக்குறி இருக்கிறதே, அந்தத் தாளை.